காகிதத்தில் விழாத ஓரம்: டூ ஸ்ட்ரோக் அறிவும் 'பகிர்தல்' என்னும் சொல்லாடலும்

அறிவைப் பொதுவில் வை என்கிற குரல் நம் பக்கங்களில் ஓயாமல் கேட்கிறது. நானும் அந்தக் குரலில் பேசியவன்தான். பொன்னேரியில் நடந்த ஒரு கூட்டத்தில், பட்டறைக்காரர்களின் அறிவு காப்புரிமைக்கும் கம்பெனி ரகசியத்துக்கும் வெளியே கைக்குக் கை இலவசமாகப் புழங்குவது என்றும், மூலதனத்துக்கு எதிரான மாற்றுக் கதையாடல் என்றும் முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். டீ குடிக்கும்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் ஓட்டுகிற தோழர் ஒருவர் பக்கத்தில் வந்து, "எல்லாம் சரி தோழர், மெக்கானிக்கு தெரிஞ்சதையெல்லாம் சொல்லிக் குடுத்துட்டா அப்பால அவன் இன்னாத்த துன்னுவான்?" என்றார். சிரித்து மழுப்பினேன். கேள்வி மழுப்பலுக்கு அடங்கவில்லை. இக்கட்டுரை அதற்கு நான் தர முயலும் தாமதமான பதில். பேசியதில் பாதியை வாபஸ் வாங்குவதும்கூட.

நான் பேசியது டூ ஸ்ட்ரோக் இன்ஜினைத் திருத்தி வேகமாக்குகிறவர்களைப் பற்றி. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முகவரி உண்டு. செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் போருக்குப் பின் சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறகு அதில் பந்தயம் நடத்தியது. விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய தளம் அது. கோயம்புத்தூர் கரிவரதன் தானே கட்டிய காரோடு வந்த தளம். 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடப் பையன்களாக நாங்கள் சைக்கிள் மிதித்துப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். காரைவிட மோட்டார் சைக்கிள் பந்தயம்தான் எங்களுக்குப் பெரிசு. ஏனென்றால் அந்த வண்டிகளைத் தெருவிலும் பார்க்கலாம்.

சோழவரத்துக்கு எழுதப்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஓட்டினவர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும், கோப்பை தந்தவர் பெயரும் இருக்கும். சிலிண்டரின் உள்ளே அரம் போட்டவன் பெயர் இருக்காது. இது தற்செயலான விடுபடல் அல்ல. உடல் உழைப்பை எழுத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிற நம் சாதியச் சமூகத்தின் பழக்கம், ரேஸ் டிராக்கிலும் அப்படியே நடந்தது.

இனி கொஞ்சம் இயந்திரம் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண டூ ஸ்ட்ரோக் வண்டியின் சிலிண்டருக்கு மேலே வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே ஜன்னல்கள் வெட்டியிருக்கும். புதுக் கலவை உள்ளே வர சில, எரிந்த புகை வெளியே போக ஒன்று. மேலும் கீழும் போகிற பிஸ்டன்தான் இந்த ஜன்னல்களைத் திறந்து மூடுகிறது. ஆக, ஜன்னலின் உயரமும் அகலமுமே இன்ஜினின் குணம். புகை ஜன்னலை ஒரு மில்லிமீட்டர் மேலே தூக்கினால் வண்டி மேல் வேகத்தில் பறக்கும், கீழே இழுவை போய்விடும். கேம் கிடையாது, ராக்கர் கிடையாது; ஓர் அரமும் துணிச்சலும் போதும் என்று ஆசை காட்டுகிற இன்ஜின் இது. 1985-ல் வந்து 1996-ல் நின்ற யமஹா ஆர்.எக்ஸ். 100 இங்கே ஒரு தலைமுறையின் பாடப்புத்தகம் ஆனதற்கு இதுவே காரணம்.

இந்த அறிவு பயணம் செய்வது ஒரு காகிதத்தில். நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்துச் சுருட்டிச் சிலிண்டருக்குள் விட்டு, சுவரோடு ஒட்ட வைத்து, எண்ணெய்க் கட்டைவிரலால் ஜன்னல் ஓரங்களை அழுத்தித் தேய்ப்பார்கள். வெளியே எடுத்து விரித்தால் உருளையின் உட்சுவர் தட்டையாகப் படிந்திருக்கும். கறுப்புக் கோட்டில் ஐந்தாறு ஜன்னல்கள். வேகமாக ஓடுகிற ஒரு வண்டியின் காகிதம் கிடைத்தால் மற்ற வண்டியை அதன்படி அறுக்கலாம். டிகிரி பார்க்கப் பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸ் பாகைமானி. ஆங்கிலப் புத்தகங்கள் இதைப் 'போர்ட் மேப்' என்கின்றன. செங்குன்றம் பக்கத்தில் நான் போய் நின்ற பட்டறையின் அண்ணன் 'பேப்பர்' என்பார். பிரதி பற்றி இத்தனை எழுதிய நாம் இதைவிடச் சுத்தமான ஒரு பிரதியைப் பார்த்திருக்க மாட்டோம். ஆசிரியன் பெயர் இல்லாதது. கை மாற மாற எண்ணெய் ஏறுவது. வாசிப்பது என்றால் அறுப்பது.

என் பொன்னேரிப் பேச்சின் உச்சம் இதுதான். நான் அங்கே சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

வேலைக்குப் போய் ஆர்.எக்ஸ். 100 வாங்கிய புதிதில் அண்ணனிடம் கெஞ்சி ஒரு பேப்பர் வாங்கினேன். என் சிலிண்டரைக் கழற்றி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதன்படியே புகை ஜன்னலைத் தூக்கினேன். மூன்று நாள் சொர்க்கம். நாலாம் நாள் கவரைப்பேட்டை தாண்டும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பிஸ்டன் ரிங் ஜன்னலின் கூரிய ஓரத்தில் மாட்டி உடைந்து, பிஸ்டனைத் தின்று, சுவரையும் கீறியிருந்தது. ஜன்னலை அறுத்த பிறகு அதன் ஓரத்தைச் சரித்து மழுக்க வேண்டும். லேத்காரர்கள் பாஷையில் சாம்பர் அடிக்க வேண்டும். ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஜன்னல் மேல் வழுக்கிப் போகிறது. ஓரம் கத்தியாக இருந்தால் மாட்டத்தானே செய்யும். காகிதத்தில் உயரம் விழும், அகலம் விழும். ஓரத்தின் சரிவு விழாது. ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற குழாயின் வளைவும் விழாது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், "ஏண்ணா, சாம்பர் அடிக்கணும்னு சொல்லவே இல்லியே" என்றேன்.

"நீ பேப்பர்தானே தம்பி கேட்ட."

அந்தப் பதிலை வெகுகாலம் கஞ்சத்தனம் என்றே எண்ணினேன். தொழில் ரகசியத்தைப் பொத்திவைக்கும் குரு-சிஷ்ய மனோபாவம், நிலப்பிரபுத்துவ எச்சம் என்றெல்லாம் எழுதியும் இருக்கிறேன். இப்போது வேறு கணக்குப் போடத் தோன்றுகிறது. ஒரு சிலிண்டர் அறுக்க அவர் வாங்கியது என் ஒருநாள் சம்பளத்துக்கும் குறைவு. என் சிலிண்டர் போனதும் நான் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொண்டேன். அனுபவம் என்று பெயர் வைத்தேன். அவர் கையில் ஒரு வாடிக்கையாளரின் சிலிண்டர் போயிருந்தால் அந்த மாத வாடகை போயிருக்கும். கெடுத்துப் பார்க்க முடிகிறவனுக்கு அது ஹாபி, முடியாதவனுக்குத் தொழில். சோழவரத்தில் ஓட்டிய வசதியான வீட்டுப் பையன்கள் டிகிரி கணக்கையும் ஜெட் நம்பரையும் ஒருவருக்கொருவர் தாராளமாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சோறு வேறு இடத்திலிருந்து வந்தது. நான் புகழ்ந்த அந்தத் தாராளம் இன்னொரு வருமானத்தின் தோள்மேல் நின்றது என்பதை என் பேச்சு மறைத்தது.

உலக அளவில் பார்த்தாலும் இந்த அறிவின் கதை அப்படியொன்றும் வெகுளியானதல்ல. டூ ஸ்ட்ரோக்கின் சைலன்சர் வயிறு பெருத்து முனை குறுகி இருப்பது அழகுக்காக இல்லை. ஜன்னல் திறந்ததும் குழாயில் ஓடுகிற அழுத்த அலை, விரிகிற பகுதியில் உறிஞ்சலாகத் திரும்பிப் புகையை இழுக்கிறது. குறுகுகிற பகுதியில் மோதித் திரும்பி, தப்பி ஓடப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. இதைக் கணக்குக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் இருந்த வால்டர் காடன். போர்க்காலத்தில் பீனமுண்டே ஆயுத ஆராய்ச்சித் தளத்தில் வேலை பார்த்தவர். 1961-ல் அவருடைய 125 சிசி இன்ஜின் லிட்டருக்கு 200 குதிரைசக்தி என்ற கணக்கை எட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன எம்.இசட். ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஊர் திரும்பவில்லை. ஜப்பானின் சுசுகிக்குப் போனார், காடனின் வித்தையோடு. 1962-ல் சுசுகி 50 சிசி உலகப் பட்டம் வென்றது. ஓட்டியவர் டெக்னர்.

இது திருட்டா, பகிர்வா? அறிவு மக்கள் சொத்து என்று அறிவித்த அரசிடமிருந்து அது ஒரு தனிக் கம்பெனியின் சொத்தாக வெளியேறியது. பிறகு உலகத்துக்கே பொதுவானது. சோழவரத்தில் ஓடிய டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளின் குழாயில் காடன் இருந்தார். காடன் கடைசிவரை கிழக்கு ஜெர்மனியிலேயே இருந்து 1996-ல் இறந்தார். அறிவு பரவியதைக் கொண்டாடும்போது, யாரிடமிருந்து பரவியதோ அவருக்கு மிஞ்சியது என்ன என்பதையும் சேர்த்தல்லவா கேட்க வேண்டும்?

எழுதிப் பகிர்ந்தவர்களும் உண்டு. அமெரிக்கப் பத்திரிகையாளர் கோர்டன் ஜென்னிங்ஸ் 1973-ல் டூ ஸ்ட்ரோக் திருத்துவோருக்கான கையேடு ஒன்றைக் கொண்டுவந்தார். 1983-ல் கிரஹாம் பெல்லின் புத்தகம் வந்தது. ஜென்னிங்ஸின் ஜெராக்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. நல்ல மனசோடு எழுதப்பட்ட புத்தகம், சூத்திரங்களை ஒளிக்கவில்லை. நான் அதைப் படித்தது சிலிண்டர் போன பிறகு. அண்ணனுக்கு அது எந்நாளும் கிடைத்திருக்காது, கிடைத்தாலும் ஆங்கிலம். நடுவில் நின்று தமிழில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அப்போது நான் பார்த்தின் 'ஆசிரியனின் மரண'த்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். (அதையும் ஜெராக்ஸ் போட்டுத்தான் கொடுத்தோம். வாங்கின நண்பர்கள் அந்தக் கோட்டின்படியே கவிதைகளை அறுத்தார்கள். சாம்பர் அடிக்க அங்கேயும் யாரும் சொல்லித்தரவில்லை. உடைந்த ரிங்குகளின் சத்தம் இன்னும் சில பத்திரிகைகளில் கேட்கிறது.)

ரகசியத்தை அண்ணனின் குணமாக மட்டும் பார்ப்பதும் தப்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்னதை மீறி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் அபராதம் என்றது. இப்படிப்பட்ட வேலைக்கு யார் போர்டு எழுதி மாட்டுவார்கள்? எரியாத பெட்ரோலையும் எண்ணெயையும் ஊர் நுரையீரலில் கக்கிய இன்ஜினுக்காக நான் அழவில்லை. அது தெருவிலிருந்து போனது சரிதான். ஆனால் கூடவே ஒரு கைப்பழக்கத்தின் சோறும் போனது.

முழுக்கப் போய்விடவில்லை என்பதைத்தான் சமீபத்தில் பார்த்தேன். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோது எங்கள் பக்கம் மரம் அறுக்கிற மெஷின்கள் நிறைய வந்தன. செயின்சாவும் டூ ஸ்ட்ரோக்தான். சவுக்கு வெட்டுகிறவர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு பழைய பைக் பட்டறைகளைத் தேடி வருகிறார்கள். அடைப்பான சைலன்சரைத் திறந்துவிடு, நிமிஷத்துக்கு 13000 சுற்று வரட்டும் என்பார்கள். வெளிநாடுகளில் இதையே பொழுதுபோக்காகச் செய்து, யார் மெஷின் மரத்துண்டை முதலில் அறுக்கும் என்று போட்டி வைக்கிறார்கள். இங்கே அது கூலிக்கணக்கு. சீக்கிரம் அறுத்தால் இன்னொரு லோடு.

சைலன்சரைத் திறந்தால் கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் தளர்த்தி பெட்ரோலைக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் சூட்டில் பிஸ்டன் ஜாம். எவ்வளவு தளர்த்துவது என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. காதுதான் சொல்லும். சும்மா முறுக்கும்போது ஒரு வெடி விட்டு ஒரு வெடியாகத் தடுமாறி, ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரிக் கரகரக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு தெளிந்து ஒரே சீராகப் பாட வேண்டும். அண்ணன் அந்தத் தெளிவைக் கால் திருகில் பிடிப்பார்.

அங்கே ஒரிசாப் பையன் ஒருவன் வருகிறான். பகலில் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் கிரைண்டர் பிடித்து வார்ப்புகளின் பிசிறு எடுக்கிறான். எட்டு மணி நேரம் இரும்பை விரலால் தடவித் தடவிப் பழகின கை. கம்பெனி ரிஜிஸ்டரில் அவன் 'ஹெல்பர்'. மாலையில் பட்டறையில் சிலிண்டர் ஜன்னலுக்குச் சாம்பர் அடிக்கிறான். அண்ணனுக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் அரைகுறை. சொல்லித்தந்தது முழுக்க விரலில் நடந்திருக்கிறது: இவர் விரலை எடுத்து ஓரத்தில் வைத்து, அவன் விரலை எடுத்து அதே ஓரத்தில் வைத்து.

"எனக்குச் சொல்லாததை இவனுக்கு மட்டும் காட்டிட்டீங்களேண்ணா" என்றேன், விளையாட்டுப் போல.

"அவன் வச்சிப் பொழைப்பான். நீ எழுதிருவ" என்றார். கோபமெல்லாம் இல்லை.

இதைக் கேட்டு மீண்டும் ஒரு கதையாடல் கட்டிவிட எனக்குக் கை பரபரத்தது: மொழி கடந்த தொழிலாளர் ஒற்றுமை, இத்தியாதி. அடக்கிக்கொண்டேன். அந்தப் பட்டறையில் பெண்பிள்ளை ஒருத்தி நின்று வேலை பார்த்து நான் கண்டதில்லை. அந்தப் பையன் ஒப்பந்தம் முடிந்தால் எந்த ஊருக்குப் போவான் என்று அவனுக்கே தெரியாது. லேத் தோழரின் கேள்விக்கு நான் இப்போது சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சொல்லிக் கொடுப்பவனுக்குச் சோறு உறுதியாகும்வரை, அவன் எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறான் என்பதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னொன்றும் உண்டு. செயின்சாவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். முப்பது வருஷம் சைலன்சர் இல்லாத வண்டிகள், இப்போது இது. காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. வைத்தால் வேலை கேட்காது. அண்ணனுக்கு இடது காது போய்விட்டது, வலது பாதி. போன வாரம் போயிருந்தபோது மெஷினை முறுக்கிவிட்டு, கைப்பிடியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, அந்தப் பையனைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார், பிறகு நான்கு விரல். எது என்று கேட்கிறார். பையன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு நான்கு காட்டினான். அவர் திருகைக் கால் சுற்று மூடினார்.