கையெழுத்தில்லா நிபந்தனை

பன்னாட்டு நாணய நிதியம் கடன் கொடுத்தால் நிபந்தனையும் கூடவே வரும். அதை நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம், தெருவில் இறங்கி எதிர்க்கலாம். உலக வங்கி 2003இல் வெளியிடத் தொடங்கிய ‘எளிதாகத் தொழில் செய்தல்’ அறிக்கைக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. எந்த அரசும் அதில் கையெழுத்திடவில்லை. ஆனாலும் பட்டியலில் மேலே ஏறுவதற்காகவே பல அரசுகள் சட்டங்களைத் திருத்தின. 142ஆம் இடத்தில் இருந்த இந்தியா முதல் 50க்குள் நுழைவதை இலக்காக அறிவித்து, 2019இல் 63ஐ எட்டியது.

அறிக்கை கேட்ட கேள்விகள் வீணானவை அல்ல. நிறுவனத்தைப் பதிவு செய்ய எத்தனை நாள்? கட்டட அனுமதிக்கு எத்தனை படி? ஒப்பந்த வழக்கு முடிய எவ்வளவு காலம்? அலுவலகம் அலுவலகமாக அலையும் சிறு முதலாளியின் வயிற்றெரிச்சல் முதன்முறையாக 190 நாடுகளை ஒப்பிடும் கணக்காயிற்று. வெட்டிப் படிவங்கள் பல ஒழிந்ததில் அதற்குப் பங்குண்டு.

கோளாறு, அளந்த விதத்தில். கற்பனையான ஒரு நிறுவனம், நாட்டின் பெரிய வணிக நகரம், சட்டம் என்ன சொல்கிறது என்று வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் நிரப்பித் தரும் படிவம்: முறை இதுதான். இந்தியா என்றால் டெல்லியும் மும்பையும் மட்டும். கட்டட அனுமதியில் நாம் இரண்டே ஆண்டில் 181இலிருந்து 27க்குத் தாவிய கதை அந்த இரு நகரங்களின் கதை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கொட்டகை போடுபவருக்கு அதில் இடமே இல்லை.

அதைவிட ஆழமான சிக்கல், விதி என்றாலே செலவு என்ற பார்வை. வரி குறைந்தால் மதிப்பெண் கூடும். ஆட்களை எளிதில் வேலையைவிட்டு அனுப்ப முடிந்தாலும் ஒரு காலத்தில் கூடியது. தொழிற்சங்கங்களும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் எதிர்த்த பிறகே அந்தக் குறியீடு தரவரிசைக் கணக்கிலிருந்து நீங்கியது. வரிப்பணத்தில் போட்ட சாலையில்தான் சரக்கு லாரி ஓடுகிறது என்பதற்கோ படிவத்தில் கட்டம் ஒன்றும் இருக்கவில்லை.

இதே பாணியில் 2015இல் இந்திய மாநிலங்களுக்கும் பட்டியல் வந்தது. ஜார்க்கண்டுக்கு மூன்றாம் இடம். நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் கொண்ட தமிழ்நாட்டுக்கு 12ஆம் இடம். முதலீட்டாளர்கள் வேறெதையோ பார்த்துத்தான் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்திருக்க வேண்டும்!

எண்ணுக்கு இவ்வளவு மவுசு வந்தபின் அதைத் திருத்தும் ஆசையும் வரத்தானே செய்யும்? 2018 அறிக்கையில் 85ஆம் இடத்துக்கு இறங்கவேண்டிய சீனா 78இல் நின்றது. வங்கி தன் மூலதனத்தை உயர்த்தப் பேச்சு நடத்திய நேரம் அது. மேலிடத்து அழுத்தமே காரணம் என்றது வங்கி நியமித்த சட்ட நிறுவனத்தின் விசாரணை. வங்கியின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ்டலினா ஜார்ஜீவா அதை மறுத்தார். 2021 செப்டம்பரில் அறிக்கையே கைவிடப்பட்டது. தில்லுமுல்லு நடந்திராவிட்டாலும் அது நிற்கவேண்டிய அறிக்கைதான் என்பேன். 2013இலேயே வங்கி அமைத்த ட்ரெவர் மேனுவல் குழு ஒட்டுமொத்தத் தரவரிசையை விட்டுவிடச் சொல்லியிருந்தது.

2024இல் 50 நாடுகளோடு வந்த மாற்று அறிக்கையில் ஒட்டுமொத்தத் தரவரிசை இல்லை. நிறுவனங்களிடமே நேரடியாக விவரம் கேட்கிறார்கள், தொழிலாளர் நலனுக்கும் இடமுண்டு. எந்த விதிக்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவாவது மட்டும் இன்னும் வாஷிங்டனில்தான்.