சுற்றிக்கொண்டிருக்கும் சில்லு

லோயிஸ் லோரியின் 'தி கிவர்' நாவலை முழுதாக நாலைந்து தடவைதான் வாசித்திருப்பேன். முதல் இரண்டு பக்கங்களை வாசித்ததற்குக் கணக்கில்லை. ஊருக்கு மேலால் இனந்தெரியாத விமானமொன்று போகிறது. எல்லோரும் கிட்ட உள்ள கட்டடங்களுக்குள் போங்கள், சைக்கிள்களை அப்படியே விடுங்கள் என்று ஒலிபெருக்கி சொல்கிறது. ஜோனஸ் சைக்கிளைச் சரித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடுகிறான். வெளியே பார்த்தால் ஆளரவம் இல்லை. விழுந்து கிடக்கும் சைக்கிள்களில் ஒன்றின் சில்லு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1994இல் அந்தப் புத்தகத்துக்கு நியூபெரி பதக்கம் கிடைத்தது. அந்தச் சில்லுக்கு மட்டுமே கொடுத்திருந்தாலும் தகும்.

1990இல், போர்க்காலத்தில், எங்கள் தீவிலுள்ள சரவணை ஊரில் எனக்கும் ஜோனஸின் வயதுதான். சத்தத்தை வைத்தே வருவது எந்த விமானம், சியாமாசெட்டியா சகடையா என்று சொல்லும் பொடியள் நாங்கள். பொம்பர் வரும்போது சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்த யாருக்கு நேரம்? ஒருநாள் சங்கக்கடை வாசலில் ஐயாவின் றலி சைக்கிளைப் போட்டுவிட்டு மதகுக்குள் பாய்ந்தேன். இரைச்சல் தேய்ந்த பிறகு முதலில் காதில் விழுந்தது சில்லின் கிரீச்சல். அது எண்ணெய் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. அமெரிக்கப் பெண்மணிக்கு இது எப்படித் தெரிந்தது என்று வியந்திருக்கிறேன். போருக்குப் பிந்திய டோக்கியோவில், வேலி போட்ட அமெரிக்கக் குடியிருப்பில் சில காலம் வளர்ந்தவர் அவர். அந்த வேலியைத் தாண்டிச் சைக்கிளில் ஷிபுயாவுக்குப் போய்வந்ததை அவரே சொல்லியிருக்கிறார்.

விமானம் போனதும் ஒலிபெருக்கி திரும்பப் பேசுகிறது. பயிற்சி விமானி ஒருவர் வழி தவறிவிட்டார், அவ்வளவுதான், அவர் விடுவிக்கப்படுவார். அந்தச் சொல்லின் உண்மைப் பொருள் பத்தொன்பதாம் அத்தியாயத்தில்தான் உடைகிறது. நாவலைத் தமிழாக்க நினைத்த நண்பர் ஒருவர் அந்தச் சொல்லுக்கு 'விடைகொடுத்தல்' என்று போடலாம் என்றார். அது இன்னும் அழகாம். அழகு எதற்கு? நாங்கள் கேட்டு வளர்ந்த வானொலிகளை நினைத்துப் பாருங்கள். அரசாங்கம் பிடித்தால் அது விடுவிக்கப்பட்ட பகுதி. இயக்கம் பிடித்தால் அதுவும் விடுவிக்கப்பட்ட பிரதேசம். சனம் இரண்டு பக்கமும் போய்வரப் பாஸுக்கு வரிசையில் நின்றது. 'விடுவிப்பு' என்ற சொல்லை இவ்வளவு நன்றாக அறிந்த வாசகர்கள் லோரிக்கு வேறெங்கும் கிடைக்கமாட்டார்கள்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நடப்பதும் ஒரு 'விடுவிப்பு'தான். ஜோனஸின் தகப்பன் குழந்தைகளைப் பராமரிப்பவர், இளகிய மனிதர். இரட்டைக் குழந்தைகளை நிறுத்துப் பார்த்து, எடை குறைந்ததன் தலையில் ஊசி போடுகிறார். வீட்டில் குழந்தையைக் கொஞ்சும் அதே குரலில் அதோடு பேசிக்கொண்டே போடுகிறார். கொடுங்கோலுக்கு இதைவிடக் கிட்டப் போன எழுத்து, பிள்ளைகளுக்கான நாவல்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்காபரோவில் இருக்கும் மருமகன் இதை ஒத்துக்கொள்ளமாட்டான். "சரியான போரிங் மாமா, ஹங்கர் கேம்ஸ்தான் புத்தகம்" என்பான். அதை எழுதிய சுசான் கொலின்ஸிடம் எனக்கும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரு வருடத் தானியத்துக்கும் எண்ணெய்க்கும் பதிலாக, பசித்த பிள்ளை தன் பெயரைக் குலுக்கலில் இன்னுமொரு தடவை போட்டுக்கொள்ளலாம். கூப்பனோடு சங்கக்கடையில் நின்றவனுக்கும், வன்னியில் இயக்கம் படைக்கு வீட்டுக்கொருவர் கேட்ட நாட்களைக் கண்டவனுக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். ஆனால் அதன் வில்லன் ஜனாதிபதி ஸ்னோ வந்தவுடன் எனக்குப் பழைய தமிழ்ப் படங்களின் நம்பியார் ஞாபகம் வந்துவிடுகிறது. கையைப் பிசைந்துகொண்டு வரும் வில்லனைப் பிள்ளைகள் தாங்களாகவே இனங்காண்பார்கள். அதற்கு எழுத்தாளர் தேவையில்லை.

2008இல் வந்த ஹங்கர் கேம்ஸ் பேர் வாங்கிய பிறகு வந்தவற்றைப் பற்றிப் பேசாமலே விடலாம். ஒரு பெட்டை, இரண்டு பொடியன்கள், ஒரு பரீட்சை, கடைசியில் புரட்சி. அதற்கு வெகுமுன்னே, 1967இல் ஜோன் கிறிஸ்தோபர் எழுதிய 'தி வைட் மவுண்டன்ஸ்' கதையில், பதினான்கு வயதில் தலையில் தொப்பி பொருத்தி மனதைப் பிடிக்குமுன் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஓட்டமும் பசியும்தான் கதை. ஆனால் பின்னால் வந்தவர்களை மட்டும் குறை சொல்வானேன், லோரியே தன் புத்தகத்தைக் கெடுத்தவர்தான். தகப்பனின் சைக்கிளில் குழந்தையோடு தப்பிய ஜோனஸ் பிழைத்தானா இல்லையா என்று தெரியாமல், பனிமலைச் சரிவில் முடிந்த நாவல் அது. 2000, 2004, 2012 என்று மூன்று தொடர்ச்சிகள் எழுதிப் பிழைத்த செய்தியைச் சொல்லிவிட்டார். நான் கேட்டேனா?

தமிழில் இந்த வகைக்குக் கிட்ட வருபவர், எங்கள் தீவின் மறுகோடியில் அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி. 2001இல் வந்த 'கொரில்லா'வின் தகப்பன் ஊரறிந்த முரடன். 'கொரில்லா' என்ற பட்டப்பெயரே அவனுடையது. அடி எங்கிருந்து வரும் என்று அவனுடைய பிள்ளைக்குத் தெரியும், ஜோனஸுக்குத் தெரியாது. 'கொரில்லா' பெரியவர்களின் புத்தகம், அதைச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, சரவணை என்று இத்தனை ஊர்கள் போரைக் கண்டிருக்க, பன்னிரண்டு வயதுக்கென்று ஒரு நாவலும் என் அலுமாரியில் இல்லை.

ஷோபாசக்தி ஒருதடவை அந்த வயதுக்கு எழுத வேண்டும். தகப்பனை நல்லவனாகவே எழுதட்டும்.