சிவந்த முகமும் லேசர் விளம்பரமும்

அண்மையில் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஒரு துண்டு விளம்பரத்தை என் கையில் திணித்தார்கள். முகப்பரு ஆறிய இடத்தில் தங்கும் சிவப்பை லேசர் ஒளியால் ஒரே தடவையில் போக்குவதாகவும், பக்க விளைவே கிடையாது என்றும் அதில் அச்சிட்டிருந்தது. சான்றாக, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்கள். வாசகர்களே, இதில் அறிவியல் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம்.

லேசருக்குரிய மரியாதையை முதலில் தந்துவிட வேண்டும். 1960இல் மைமன் செயற்கை மாணிக்கத் தண்டைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஓர் அருமையான கருத்தை வெளியிட்டனர். ஒரு பொருள் நன்கு உறிஞ்சும் நிறத்தில் ஒளியைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவாகப் பாய்ச்சினால், வெப்பம் அக்கம்பக்கம் பரவுமுன் அந்தப் பொருள் மட்டும் வெந்துவிடும் என்பதே அது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் 577 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் ஒளியை நன்றாக உறிஞ்சும். 585, 595 நானோமீட்டர் சாய லேசர்கள் இந்த வழியில் வந்தவையே. பிறவியிலேயே முகத்தில் செந்நிறம் படர்ந்த குழந்தைகளுக்கு இவை செய்த நன்மை பெரிது. பரு விட்டுச்செல்லும் சிவப்பும் விரிந்துபோன நுண்குழாய்களால் வருவதுதான். ஆகவே தத்துவத்தில் பழுதில்லை.

சிக்கல் நம் தோலின் நிறத்தில் இருக்கிறது. குருதிக் குழாய்களுக்கு மேலே, மேல்தோலில், மெலனின் என்ற கருநிறமி இருக்கிறது. அதுவும் இதே ஒளியை உறிஞ்சும். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கல்லணைக் கால்வாயில் விடும் தண்ணீரைத் தலைமடை வயல்கள் குடித்த பிறகு மிஞ்சுவதுதானே கடைமடைக்கு வரும்? கடைமடைக்குக் கூடுதலாக வேண்டுமென்று மதகை அகலத் திறந்தால் தலைமடை மூழ்கும். அதுபோல, குழாயைச் சுடும் அளவுக்கு ஒளியைக் கூட்டினால் மாநிறத் தோலின் மேற்பரப்பு வெந்து, சிவப்பு இருந்த இடத்தில் கரும்புள்ளி உட்காரும். அது சிவப்பைவிட நெடுநாள் தங்கக்கூடியது. திறமையான மருத்துவர் ஆற்றலைக் குறைத்து, தோலைக் குளிரவைத்து, காதோரம் சிறு இடத்தில் சோதித்த பிறகே முகத்தைத் தொடுவார். அதற்குப் பல தடவை ஆகும். ‘ஒரே தடவை’ என்ற சொல் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இனி அந்தப் படங்கள். இந்தச் சிவப்பு பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே மங்கிவிடும். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் இடையே எத்தனை மாதம்? விளக்கு ஒன்றேதானா? முகத்தின் ஒரு பாதிக்குச் சிகிச்சை தந்து மறுபாதியைச் சும்மா விட்டு ஒப்பிட்டார்களா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லாத படம் கல்யாண ஆல்பத்துக்குத்தான் ஆகும்.

‘லேசர்’ என்று அழைத்துவிட்டுப் பல இடங்களில் காட்டுவது செனான் மின்வெட்டு விளக்கு. அது லேசரே அன்று. பல நிறங்கள் கலந்த ஒளியை வடிகட்டித் தருவது. பயன் உண்டு, ஆனால் கருந்தோலில் இன்னும் கவனம் வேண்டும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். தெளிவான கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைத் தழும்பின் மீது மெல்ல அழுத்துங்கள். நிறம் மறைந்து, கையை எடுத்ததும் திரும்பினால் அது குருதி. மறையாமல் நின்றால் பெரும்பாலும் நிறமி. நம்மில் பலர் சிவப்பு என்று எண்ணிக் கவலைப்படுவது இந்த இரண்டாம் வகையே. அதற்குக் குழாயைச் சுடும் ஒளி எதற்கு?

இன்னொன்றும் உண்டு. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகள் முகத்தைச் சிவக்கவைத்து, பருவையும் கிளப்பிவிடும். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. களிம்பால் வந்த சிவப்புக்கு முதல் வைத்தியம் மருத்துவர் சொல்படி களிம்பை விடுவது. புதுக்கோட்டையில் 2017இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; அங்கே தோல் மருத்துவரிடம் காட்டி, இது குருதியா, நிறமியா, களிம்பின் வினையா என்று கேட்டறியப் பெருஞ்செலவு ஆகாது.

அந்தத் துண்டு விளம்பரத்தை மறுபடி புரட்டினேன். எந்தக் கருவி, எத்தனை நானோமீட்டர், இயக்குபவர் மருத்துவரா என்ற விவரம் எதுவும் இல்லை. தொலைபேசி எண் மட்டும் மூன்று இடங்களில் இருந்தது.