பழைய தாளும் புதிய சம்பளமும்

கியூபெக் மாகாணத்தில் ஆண்டுதோறும் மே 1ஆம் திகதி குறைந்தபட்ச ஊதியம் மாறும். 2024இல் மணிக்கு 15.75 டொலராக இருந்தது 2025இல் 16.10 ஆனது. மொன்றியலில் உணவகச் சமையலறைகளிலும் பொதி கட்டும் தொழிற்சாலைகளிலும் நிற்கும் நம்மவர் பலருக்கு இந்த மாற்றம் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரியவரும். சீட்டில் ஏறாமல் விட்டால் தெரியாமலே போகும். ஆனால் நாம் வந்த இரண்டு நாடுகளிலும் இப்படியான செய்தியை வேலைத்தளத்துச் சுவரே சொல்லவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் அந்தச் சுவர் அறிவிப்புகளை எழுதும் முறை வேறு, புதுப்பிக்கும் முறை வேறு, மொழி பற்றிய விதியும் வேறு. இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது மொன்றியலில் தொழில் நடத்தும் தமிழருக்கும் அவர்களிடம் வேலை செய்யும் தமிழருக்கும் உடனடியாகப் பயன்படும் என்பது என் எண்ணம்.

இரு நாட்டு விதிகளுக்கும் மூலம் ஒன்றுதான். 1802இல் பிரித்தானியா, பஞ்சாலைகளில் வேலை செய்த பிள்ளைகளுக்காக ஒரு சட்டம் இயற்றியது. ஆலைச் சுவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை வெள்ளையடிக்க வேண்டும் என்றும், சட்டத்தின் பிரதியை எல்லோர் கண்ணிலும் படும்படி குறைந்தது இரண்டு இடங்களில் தொங்கவிட வேண்டும் என்றும் அது சொன்னது. அந்த வழக்கம் பின்வந்த பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டங்கள் வழியாக இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கும், இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு இரண்டும் வெவ்வேறு வழியில் போயின.

இந்தியாவில் அறிவிப்புகள் பெருகிக்கொண்டே வந்தன. தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, சட்டத்தின் சுருக்கத்தையும் தொழிற்சாலை ஆய்வாளரின் பெயர், முகவரியையும் நுழைவாயில் அருகே, படிக்கக்கூடிய நிலையில், சுத்தமாக வைத்திருக்கச் சொன்னது. 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டம், 1948ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம், 1972ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டம் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு தாளைச் சுவருக்கு அனுப்பியது. தமிழ்நாட்டு ஆலை ஒன்றின் வாயிலைக் கண்முன் கொண்டுவாருங்கள். கண்ணாடிக் கதவு போட்ட பலகை. அதற்கு ஒரு சின்னப் பூட்டு, சாவி அலுவலகத்தில் யாருடைய மேசை இழுப்பறையிலோ இருக்கும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகக் குண்டூசியில் குத்திய சுருக்கங்கள், எறும்பளவு எழுத்து. ஓரத்தில் விடுமுறை நாள் பட்டியல். ஆய்வாளர் பெயர் எழுதும் கட்டத்தில், எப்போதோ மாற்றலாகிப் போனவரின் பெயர் பேனா மையில் வெளிறிப்போய் இருக்கும். தாள் இருப்பதால் ஆய்வின்போது குறை எழுத மாட்டார்கள். முறையிட நினைக்கும் தொழிலாளிக்கு அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை.

புதுப்பிக்கும் வேலை இந்தியாவில் உண்மையிலேயே கடினமானது. ஒன்றிய அரசின் வரம்புக்குட்பட்ட வேலைகளுக்கு அகவிலைப்படி ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை மாறும். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1இல் மாறும். பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே ஆலோசகர்களை வைத்திருக்கின்றன. அச்சகமோ சாயப்பட்டறையோ நடத்தும் சிறு முதலாளிக்கு இதை நினைவுபடுத்த ஆளில்லை. இதற்கிடையில் 2025 நவம்பர் 21 அன்று 29 தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஊதியத் தொகுப்பின் 50ஆம் பிரிவு ஒரு நல்ல காரியம் செய்கிறது. தொகுப்பின் சுருக்கம், வேலை வகைப்படி ஊதிய விகிதம், ஊதிய காலம், ஊதியம் தரும் நாளும் நேரமும், ஆய்வாளர் பெயரும் முகவரியும் ஆகிய எல்லாவற்றையும் ஒரே அறிவிப்பில் கேட்கிறது. மாறுகாலத்தில் பழைய விதிகளும் தொடரும் என்று அரசு சொல்லியிருப்பதால், இப்போதைக்குப் பழையதைக் கழற்றவும் முடியாமல் புதியதை மாட்டாமல் இருக்கவும் முடியாமல் பல பலகைகள் நிற்கின்றன.

இந்தியப் பலகையில் மிக முக்கியமானது என்று நான் நினைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் அறிவிப்பு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, தண்டனை விவரங்களையும் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவை அமைத்த ஆணையையும் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. சம்பளத் தாள் பழையதாக இருந்தால் சில ரூபாய்கள் போகும், பிறகு கேட்டு வாங்கலாம். இந்தத் தாள் பழையதானால் நிலைமை வேறு. குழு உறுப்பினர் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். இடையில் வேலையை விட்டுப் போகிறவர்களும் உண்டு. புகார் கொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் மூன்று மாதங்கள், குழு ஏற்றால் இன்னும் மூன்று. துணிவைத் திரட்டிக்கொண்டு வரும் பெண் பலகையில் பார்க்கும் பெயர், ஆறு மாதம் முன்பே விலகிப்போனவருடையதாக இருந்தால் அவள் அங்கிருந்தே திரும்பிவிடுவாள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கோவா பல்கலைக்கழக வழக்கொன்றில், அரசுத் துறைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இப்படியான குழுக்கள் முறையாக அமைக்கப்பட்டுள்ளனவா, உறுப்பினர் விவரங்கள் எளிதில் கிடைக்கின்றனவா என்று சரிபார்க்க உத்தரவிட்டது. சட்டம் வந்து பத்தாண்டு கழித்து அப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டது.

இலங்கையில் இதற்கு இணையான பணியிட அறிவிப்பு இல்லை. பாலியல் தொல்லை 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவுக்குள் வந்தது. அது பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய வழி. வேலைத்தளச் சுவரில் அதைப்பற்றி ஒரு வரியும் எழுதச் சொல்லவில்லை. இது ஒரு பெரிய குறை, இந்தியாவைப் பார்த்து நிரப்பவேண்டிய குறை.

மற்றபடி இலங்கைச் சுவரில் தாள்கள் குறைவு. 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்களுக்குத் தனித்தனிச் சபைகள் உண்டு. அந்தந்தத் தொழிலின் குறைந்தபட்ச சம்பள விவரத்தைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழியிலும் வேலையிடத்தில் காட்டவேண்டும். இங்கே சிக்கல் இந்தியாவுக்கு நேர் எதிரானது: மாற்றம் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. 2016இல் தேசிய குறைந்தபட்ச சம்பளம் மாதம் 10,000 ரூபாய் என்று சட்டமானது. 2021இல் அது 12,500. பொருளாதாரம் சரிந்து விலைவாசி தாறுமாறாக ஏறிய 2022, 2023 இரு ஆண்டுகளிலும் அசையவில்லை. 2024இல் 17,500 ஆனது. பின்பு 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000 என்று எட்டி ஏறியது. ஆண்டுக்கணக்கில் மாறாத தாளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாறும் நாளும் கவனிக்கப்படாமலே போய்விடுகிறது.

தோட்டப்புறத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மலையகத்தில் அறிவிப்பு என்றால் பெரும்பாலும் காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை வாயால் சொல்வதுதான். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது அதற்குப் பின்னால் பல ஆண்டுப் போராட்டம் இருந்தது. 2024 மே தினத்தில் கொட்டகலைக் கூட்டத்தில் 1,700 ரூபாய் அறிவிக்கப்பட்டு வர்த்தமானியும் வந்தது. தோட்டக் கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் இலங்கையின் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று வேறொரு வர்த்தமானி வந்தது. ஐந்தே மாதத்தில் மூன்று நிலை. வாயால் கேட்ட தொகைக்குத் திகதி கிடையாது. மே மாதம் சொன்னதையும் செப்டெம்பரில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு தாள் வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண் எந்தத் தொகை தனக்கு எந்த நாளிலிருந்து சேரவேண்டியது என்று கேட்க, அந்தத் திகதியிட்ட தமிழ்த் தாள்தான் துணை.

மொழியைப் பொறுத்தவரை நான் இலங்கை விதியின் பக்கம் நிற்கிறேன். இந்தியச் சட்டம் ஆங்கிலத்தோடு ‘பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழி’ என்கிறது. கேட்க நியாயமாக இருக்கிறது. திருப்பூரில் பின்னலாடைப் பிரிவு ஒன்றில் தமிழர் பாதிக்கு மேல், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் மீதி என்றால், அந்த மீதிப்பேருக்குச் சட்டப்படியே ஒன்றும் கிடையாது. அவர்கள்தாம் ஊர் தெரியாதவர்கள், சங்கம் தெரியாதவர்கள், ஒப்பந்தக்காரரையே நம்பி வந்தவர்கள். அறிவிப்பு யாருக்கு மிக அதிகம் தேவையோ அவர்களையே பெரும்பான்மைக் கணக்கு கழித்துவிடுகிறது. இலங்கையில் நூறு சிங்களத் தொழிலாளருக்கு நடுவே ஒரே ஒரு தமிழர் இருந்தாலும் தமிழ்த் தாள் இருந்தாக வேண்டும் என்பது விதி. பல இடங்களில் தமிழைக் காணோம் என்பதும் உண்மைதான். ஆனாலும் ‘ஏன் இல்லை?’ என்று கேட்கும் உரிமை அந்த ஒருவருக்கு உண்டு. திருப்பூரில் இருக்கும் ஒடியாத் தொழிலாளிக்கு அந்தக் கேள்வியே இல்லை.

மொன்றியலில் நாம்தாம் அந்த ஒடியாத் தொழிலாளியின் இடத்தில் இருக்கிறோம். 1977ஆம் ஆண்டுப் பிரெஞ்சு மொழிச் சாசனமும் அதை இறுக்கிய 2022ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளருக்கான எழுத்துத் தொடர்பு பிரெஞ்சில் இருக்கவேண்டும் என்கின்றன. வேறு மொழியில் ஒரு தாள் சேர்த்து வைக்கத் தடையில்லை, பிரெஞ்சு பின்தள்ளப்படாமல் இருந்தால் போதும். ஆனால் சேர்த்து வைப்பவர்கள் குறைவு. சென்-லோரோன் பகுதியில் உணவுப் பொதி கட்டும் ஓர் இடத்தில், நேரப்பதிவு இயந்திரத்துக்கு மேலே முதலுதவி தெரிந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் அதன் பக்கத்தில் நாலைந்து பக்கப் பிரெஞ்சுத் தாளும் பிளாஸ்டிக் உறையில் தொங்கின. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஊரில எண்டா மூண்டு பாஷையிலயும் கிடக்கும், தமிழைத் தேடிப் பிடிச்சு வாசிக்கலாம். இதில ஒண்டும் விளங்கேல்லை,” என்றார் கொக்குவில்காரர்.

“எங்க மில்லுல தமிழ்லதாங்க்கா இருந்துச்சு. எழுத்து பொடிசு, நாங்க யாரும் படிச்சதில்ல. இதுல என்னமோ தேதி போட்டிருக்கு பாருங்க,” என்றார் கோவைக்காரர்.

அந்தத் திகதிதான் விஷயம். தொங்கியது ஊதியச் சமநிலைத் தாள். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப்பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், பெண்கள் பெரும்பான்மையாகச் செய்யும் வேலைகளுக்கு, அதே மதிப்புள்ள ஆண்கள் வேலையைவிடக் குறைவாகக் கொடுக்கிறோமா என்று கணக்கெடுத்து, ஐந்தாண்டுக்கொருமுறை மீள ஆராய்ந்து, முடிவை 60 நாட்கள் காட்சிக்கு வைக்கவேண்டும். அந்த 60 நாட்களுக்குள் தொழிலாளர் கேள்வி கேட்கலாம், கருத்துச் சொல்லலாம். அதன் பிறகு நிறுவனம் மாற்றம் உண்டா இல்லையா என்று மறுபடி அறிவிக்கவேண்டும். பொதி கட்டும் வரிசையில் நிற்பவர்கள் பெண்களே. தாள் அவர்களைப் பற்றியது. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவர்களுக்கு அது தெரியவில்லை.

பதில் கேட்கும் இந்த முறை நம் நாடுகளிலும் உண்டு. இந்தியாவில் குறைந்தபட்ச ஊதிய முன்மொழிவை அரசிதழில் வெளியிட்டுக் கருத்துக் கேட்பார்கள். இலங்கையில் சம்பளச் சபை தன் முடிவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும். வேறுபாடு இடத்தில் இருக்கிறது. அங்கே கேள்வி அரசிதழில் கேட்கப்படுகிறது, அதைத் தொழிலாளி பார்ப்பதில்லை. இங்கே கேள்வி சாப்பாட்டு அறைச் சுவருக்கே வருகிறது, மொழிதான் தடுக்கிறது. சுவரும் மொழியும் ஒருசேர அமைந்துவிட்டால் அந்த இரு பெண்களும் அன்று மாலையே மேற்பார்வையாளரிடம் கேள்வி கேட்டிருப்பார்கள்.

ஒன்டாரியோ வேறு வழி தேடியது. 2019 வரை வேலை நியமங்கள் பற்றிய சுவரொட்டி அங்கே கட்டாயம். அதன்பின் சுவரில் ஒட்டும் கடமையை எடுத்துவிட்டு, தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த 30 நாட்களுக்குள் கையில் கொடுக்கும் கடமையை மட்டும் வைத்திருக்கிறார்கள். கையில் கொடுப்பது நல்லதே. ஆனால் சுவரையும் விட்டுவிடக்கூடாது. கையில் வாங்கிய தாள் சேர்ந்த நாளோடு நின்றுவிடும். இரண்டு ஆண்டு கழித்துச் சட்டம் மாறும்போது அதைச் சொல்லச் சுவர் வேண்டும்.

மொன்றியலில் இன்று தமிழர் மளிகைக் கடைகளும் உணவகங்களும் துப்புரவு ஒப்பந்த நிறுவனங்களும் நடத்துகிறார்கள். பார்க்-எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டெ-நேஜிலும் புதிதாக வரும் இளைஞர்களுக்கு முதல் வேலை தருபவர்களில் இவர்களும் உண்டு. இவர்களிடம் நான் கேட்பது சிறியது. கட்டாயமான பிரெஞ்சுத் தாளுக்குக் கீழே தமிழில் ஒரு பக்கம் மாட்டுங்கள், பெரிய எழுத்தில், மேல் மூலையில் மாட்டிய திகதியோடு. அதில் முதலில் வரவேண்டியவை தொகையும் காலக்கெடுவும்: மணிக்கு எவ்வளவு, வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு, வேலை நேரத்தை ஐந்து நாள் முன்னதாகச் சொல்லாவிட்டால் அந்த வேலையை மறுக்கலாம், உளரீதியான துன்புறுத்தலுக்கு முறையிட இரண்டு ஆண்டு, சம்பளப் பாக்கிக்கு ஓராண்டு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கினால் முறையிட 45 நாட்கள் மட்டுமே. இந்த 45 நாட்களைத் தவறவிட்டு வேலையையும் நியாயத்தையும் சேர்த்து இழந்தவர்கள் நம்மில் உண்டு. அடுத்த வரியில் முறையிடும் இடம்: 2016இல் மூன்று அமைப்புகளை இணைத்து உருவான தொழில் நியமங்கள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண். அதற்கடுத்து கோட்-டெ-நேஜில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய குடியேறிய தொழிலாளர் மையத்தின் முகவரி. மாற்றும் நாளைத் தேட வேண்டியதில்லை, மே 1 என்று மாகாணமே குறித்துத் தந்திருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் கணக்காளர் புதிய ஊதியத்தை ஏற்றும்போதே தாளையும் அச்சடித்துவிடலாம்.