மணி அடிக்கிறது, குரல் வரவில்லை

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் பெற்றோர் பலர். காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சியின் தில்லைநகர், கே.கே.நகர் பக்கம் போனாலும் இதே நிலைதான். பேரப்பிள்ளையின் குரலைக் கேட்க அவர்களுக்கு இருக்கும் வழி இணைய அழைப்பு. 2025 மே 5 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஸ்கைப்பை மூடியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய சேவை ஓர் அறிவிப்போடு முடிந்துபோனது. ஒரு நிறுவனத்தின் விருப்பத்தை மட்டும் நம்பியிராத வழி வேண்டும் என்று சிலர் ஜிட்சி, லின்ஃபோன் போன்ற கட்டற்ற மென்பொருள்களைத் தேடி வருகிறார்கள். வந்தவர்களில் பலர் நிலைப்பதில்லை. ஏன் என்று பார்ப்பது அவற்றின் மீது அக்கறை உள்ளவர்களின் கடமை.

முதலில் நிறைகள். லின்ஃபோன் 2001-லிருந்தும் ஜிட்சி 2003-லிருந்தும் வளர்ந்து வருபவை. ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் தொடங்கிய ஜிட்சி, 2015-ல் அட்லாசியன் நிறுவனத்திடமும் 2018-ல் எய்ட் பை எய்ட் நிறுவனத்திடமும் கைமாறியது. கைமாறினாலும் மூலநிரல் இன்றும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தம் சொந்த சர்வரில் நிறுவலாம். ஜிட்சி கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர் கணக்குத் தொடங்க வேண்டாம். அனுப்பிய சுட்டியைத் தொட்டால் போதும். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற தமிழ்க் குழுக்கள் இதை வைத்தே இணையக் கூட்டங்களை நடத்துகின்றன. லின்ஃபோன் பயன்படுத்தும் சிப் என்ற நெறிமுறையோ பொதுச் சொத்து. ஒரு செயலியிலிருந்து வேறொரு செயலியில் இருப்பவரை அழைக்கலாம். வாட்ஸ்அப்பிலிருந்து லின்ஃபோனை அழைக்க முடியாது.

இனிக் குறைகள். அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான்: மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது. மகன் பேசுவது அம்மாவுக்குக் கேட்கும். அம்மா "ஹலோ, ஹலோ" என்று கத்துவது மகனுக்குப் போகாது. காரணம் சிப் அழைப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு வழியில் சர்வர் மூலமாகச் செல்கிறது. குரல் வேறு வழியில், முடிந்தால் நேரடியாகச் செல்கிறது. "உன் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று செயலி சொல்லும் முகவரி, பல நேரம் வீட்டு ரூட்டர் கொடுத்த உள் முகவரி. அது வீட்டு வாசலைத் தாண்டினால் செல்லாது. போதாக்குறைக்கு, முகவரிப் பஞ்சத்தால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னே அடுக்கிவைக்கின்றன. வெளியிலிருந்து வரும் குரலுக்கு எந்த வீட்டுக்குப் போவது என்று தெரிவதில்லை. சில ரூட்டர்களில் சிப் அழைப்புக்கு உதவுவதற்கென்றே இருக்கும் ஓர் அமைப்பு, செய்திக்குள் இருக்கும் முகவரியைத் தவறாக மாற்றி நிலைமையை இன்னும் கெடுத்துவிடும்.

இதற்குத் தீர்வு உண்டு. நேர்வழி கிடைக்காதபோது, டர்ன் என்னும் இடைநிலை சர்வர் இரு பக்கக் குரலையும் வாங்கிக் கடத்தும். ஆனால் ஒவ்வொரு நிமிடப் பேச்சும் அந்த சர்வர் வழியாகவே போவதால் செலவு ஏறிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவுக்கு அது பொருட்டல்ல. தன்னார்வலர் நடத்தும் சர்வருக்குப் பெரும் சுமை. ஆக, பயனர் மென்பொருளின் குறை என்று நினைப்பதில் பாதி, யாரோ கட்டாமல் விட்ட வாடகை. இது தெரியாமல் அவர் கேபிள்காரரிடம் போவார். "நெட் வருதே சார், யூடியூப் ஓடுதே" என்பார் கேபிள்காரர். அவர் சொல்வதும் பொய்யல்ல.

இரண்டாவது புகார் மனத்தை அதிகம் வருத்துவது: அழைப்பு வந்தால் மணியே அடிப்பதில்லை. பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகப் பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் பின்னணியில் இருக்கும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. உறங்கும் செயலியை எழுப்ப, பெரும்பாலும் கூகுளின் அறிவிப்புச் சேவை வழியாகச் செய்தி வர வேண்டும். சொந்த சர்வர் வைத்தவர் அந்த இணைப்பை அமைக்காவிட்டால் மணி ஒலிக்காது. அங்கே மகன், "அம்மா எடுக்கலையே" என்று பதறுவார். இங்கே அம்மா, "இன்னிக்கு அவன் கூப்பிடவே இல்லை" என்று வருந்துவார். குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினால் பல கைபேசிகளில் இது சரியாகும். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று எழுபது வயதுக்காரருக்குக் காட்டித்தர ஆள் வேண்டும்.

மூன்றாவது, ஸ்ரீரங்கத்துக்கே உரிய பயன்பாடு ஒன்று. திவ்யப் பிரபந்தத்தைச் சந்தை முறையில் கற்பிப்பார்கள். ஆசிரியர் ஓர் அடியைச் சொல்ல, மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து இருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். இணையத்தில் இது குலைந்துபோகிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். திருச்சியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ஒருவழித் தாமதமே 70 மில்லி விநாடிக்குக் குறையாது. சேர்ந்து ஓதுவதற்கு அதுவே அதிகம். எந்த மென்பொருளாலும் இதை வெல்ல முடியாது. ஆசிரியர் ஒருவர் ஒருவராகச் சொல்லச் சொல்வதுதான் வழி. ஆனால் நீட்டிச் சொல்லும் குரல் நடுவில் விழுங்கப்படுவது வேறு சங்கதி. எதிரொலியையும் இரைச்சலையும் நீக்கும் பகுதி, நீண்ட ஒலியையும் பின்னணியில் வரும் சுருதியையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டுகிறது. ஜிட்சியில் கூட்ட முகவரியின் முடிவில் ஒரு கட்டளையைச் சேர்த்தால் இந்த ஒலித்திருத்தங்களை நிறுத்திவிடலாம். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் எதிரொலியும் வராது. மாற்றிக்கொள்ளும் உரிமை கையில் இருந்தும், அந்த உரிமை இருப்பதே ஓதுபவர் காதுக்கு எட்டவில்லை.

மென்பொருள் மீது சுமத்தக் கூடாத பழிகளும் உண்டு. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீண்டு கிடப்பவை. வாசல் பக்கம் வைத்த ரூட்டரின் வைஃபை, தடித்த சுவர்களைத் தாண்டிக் கொல்லைப்புறம் போவதற்குள் மெலிந்துவிடும். மின்சாரம் போனால் ரூட்டரும் அணைந்துவிடும். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. ரூட்டரைக் கூடத்துக்கு நகர்த்தி, சின்ன யுபிஎஸ் ஒன்றை வைத்தாலே பாதி புகார் குறையும்.

ஆதரவாளர்கள் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. மூலநிரல் திறந்திருந்தால் பேச்சு தானாக ரகசியமாகிவிடாது. பலர் சேர்ந்த ஜிட்சி கூட்டத்தில், முழுநீள மறையாக்கத்தைத் தனியே இயக்காவிட்டால், குரலும் படமும் சர்வரில் பூட்டுத் திறக்கப்பட்டுத்தான் மறுபடி அனுப்பப்படுகின்றன. சர்வரை நடத்துபவரை நம்பியே ஆக வேண்டும். நிரல் வாழ்ந்தால் சேவையும் வாழும் என்பதற்கும் உறுதியில்லை. லினக்ஸ் பயனர்கள் ஒரு காலத்தில் நம்பியிருந்த எகிகாவின் கடைசிப் பதிப்பு 2013-ல் வந்தது. யாரும் கணக்கின்றிக் கூட்டம் தொடங்கலாம் என்றிருந்த ஜிட்சியின் பொதுத்தளம், தவறான பயன்பாட்டைக் காரணம் காட்டி 2023 ஆகஸ்டில், கூட்டத்தைத் தொடங்குபவர் கூகுள் போன்ற கணக்கால் உள்நுழைய வேண்டும் என்று மாற்றியது. அதே ஆண்டு மத்திய அரசு தடைசெய்த 14 செயலிகளில் எலிமென்ட், பிரையர் என்ற கட்டற்ற செயலிகளும் இருந்தன.

இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால் என் முடிவு இது: கட்டற்ற அழைப்பு மென்பொருளின் தொழில்நுட்பம் தேறிவிட்டது; பயனருக்கும் அதற்கும் நடுவே பொறுப்பேற்று நிற்க ஆள் இல்லாததே பெரிய குறை. ஊரில் ஒரு மெக்கானிக்கும் இல்லாவிட்டால் நல்ல வண்டியும் கொட்டகையில்தான் நிற்கும். பணம் வாங்கும் நிறுவனமாவது கெட்ட பெயருக்கு அஞ்சிக் கோளாறைச் சரிசெய்யும். தன்னார்வத் திட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. பழுதுபார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பது, பழுதுபார்ப்பது யாருடைய வேலையும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

திருச்சிக்கு இது தீராத குறையல்ல. தேசியத் தொழில்நுட்பக் கழகம், பாரதிதாசன் பல்கலைக்கழகம், 1844-லிருந்து இயங்கும் தூய வளனார் கல்லூரி என்று ஆளும் அறிவும் இங்கே நிறைய. இவற்றுள் ஒன்று ஜிட்சி சர்வரை டர்ன் வசதியோடு நிறுவி, கணினித்துறை மாணவர்களை அதைப் பராமரிக்க வைக்கலாம். முகவரி, பேட்டரி, எதிரொலி ஆகிய மூன்றுக்கும் தமிழில் ஒரு பக்க வழிகாட்டி அச்சிடலாம். வாரம் ஒரு மாலை ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து பெரியவர்களின் கைபேசிகளைச் சரிசெய்து கொடுக்கலாம். மாணவர்களுக்கு வலையமைப்புப் பாடம் அதைவிட நன்றாகப் புரியும் இடம் வேறில்லை. அப்படி ஓர் ஏற்பாடு நடக்காதவரை, வீட்டுப் பெரியவர்களிடம் "வாட்ஸ்அப்பை விட்டு வாருங்கள்" என்று சொல்வது நியாயமில்லை. முதலில் பொறுப்பேற்க ஆள் வரட்டும், பிறகு அழைப்போம்.