கைதட்டியவருக்கும் பங்குண்டு

இந்திக் கவிசம்மேளனம் சரஸ்வதி வந்தனத்தோடு தொடங்கும். விளக்கேற்றி, படத்துக்கு மாலையிட்டு, பெரும்பாலும் ஒரு பெண் கவிஞர் கலைமகளைப் பாடி முடித்த பிறகே முதல் கவிஞர் ஒலிவாங்கியின் முன் வருவார். மேடையில் வெள்ளை விரிப்பு, மெத்தை, திண்டுகள். கவிஞர்கள் சம்மணமிட்டு வரிசையாக அமர்ந்திருப்பார்கள். நிகழ்ச்சியை நடத்திச் செல்பவரை அங்கே சஞ்சாலக் என்பார்கள். கவிஞரை அவர் 'சாதகர்' என்று அறிமுகம் செய்வார். எழுத்தைச் 'சாதனா' என்பார், அதாவது தவம். ரிஷிகளின் மரபு, பாரதப் பண்பாடு, வாக்கின் புனிதம் என்று இரவு முழுக்கப் பேச்சு ஓடும்.

இப்படித் தன்னைத் தவத்தின் வாரிசாகச் சொல்லிக்கொள்ளும் மேடையைத் தவத்தின் அளவுகோலாலேயே அளந்து பார்ப்பது நியாயம். யோகம் என்றதும் நமக்கு ஆசனமும் மூச்சுப் பயிற்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. யோக சூத்திரத்தில் பதஞ்சலி அவற்றைப் பிறகுதான் வைக்கிறார். முதல் இரண்டு படிகள் இயமமும் நியமமும். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரம்மச்சரியம், பொருள் குவியாமை என்பன இயமங்கள். தூய்மை, மனநிறைவு, தவம், ஓதிக் கற்றல், இறைவனிடம் ஒப்படைத்தல் என்பன நியமங்கள். நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே படிகளில்தான் தொடங்குகிறார். பகுத்துண்பதையும் அவர் இயமத்தில் சேர்க்கிறார். எல்லாக் கலையையும் இந்தத் தராசில் நிறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாடகத்துக்கும் நாவலுக்கும் இது பொருந்தாமல் போகலாம். கவிசம்மேளனத்துக்குப் பொருந்தும். அங்கே கவிஞன் தன் உடலோடும் குரலோடும் மக்கள் முன் நின்று, தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்றுப் பேசுகிறான்.

முதலில் அந்த மேடையின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். இந்தி இலக்கியத் துறையினர் அதை ஏளனமாகப் பார்த்துப் பழகியதால் அந்தப் பெருமை பேசப்படாமலே போகிறது. மீரட்டின் நௌசந்தி சந்தையிலும் அலிகர் நுமாயிஷ் பொருட்காட்சியிலும் ராட்டினத்துக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவே கவிதைக்கென ஒரு பந்தல் உண்டு. குடியரசு நாளையொட்டித் தில்லி செங்கோட்டைக் கவிசம்மேளனம் நடக்கிறது. புத்தகக் கடையே இல்லாத ஊர்களில் விடிய விடியக் கவிதை கேட்கக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஹரிவன்ஷ்ராய் பச்சனின் 'மதுசாலா' 1935-இல் நூலாக வருவதற்கு முன்பே, 1933-இல் காசி இந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் அதை அவர் வாயிலிருந்து கேட்டுவிட்டார்கள். கோபால்தாஸ் நீரஜ் 2018-இல் மறையும் வரை பல தலைமுறைகள் அவர் பாடலை மனப்பாடமாகச் சொல்லிவந்தன. இந்த மேடையில் தாளைப் பார்த்துப் படிப்பவருக்கு மதிப்பு குறைவு. தன் கவிதை தன் நாவில் இருக்க வேண்டும். ஓதிக் கற்றல் என்ற நியமம் வாழும் வடிவில் இன்னும் தங்கியிருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

வாய்மையின் பக்கத்திலும் அதன் கணக்கு ஏழ்மையானதல்ல. நாகார்ஜுன் ஆட்சியாளர்களைப் பெயர் சொல்லிப் பாடியவர். நெருக்கடி நிலைக் காலத்தில் சிறை சென்றவர். பவானி பிரசாத் மிஸ்ர அதே காலத்தில் காலை, நண்பகல், மாலை என நாளுக்கு மூன்று கவிதை எழுதுவது என்று உறுதி எடுத்துக்கொண்டார். அவை 'திரிகால் சந்தியா' என்ற தொகுப்பாக வந்தன. சந்தியாவந்தனத்தின் மூன்று வேளை ஒழுங்கை எதிர்ப்புக் கவிதையின் ஒழுங்காக மாற்றியவர் அவர். நியமம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கோண்டா மாவட்டத்து அதம் கோண்டவி வேட்டி கட்டிய விவசாயி, பிறப்பால் தாக்குர் சாதியினர். தலித் பெண்ணொருத்தி மீது தாக்குர்கள் நடத்திய வன்கொடுமையைப் பற்றி அவர் எழுதிய நெடுங்கவிதை தன் சாதியையே கூண்டில் ஏற்றியது. சொந்தச் சாதிக்கு எதிராக மேடையில் சாட்சி சொல்வது வாய்மையின் மிகக் கடினமான வகை.

இனி மறுபக்கம். யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் 31-ஆம் சூத்திரம் இயமங்களைப் பெருவிரதம் என்கிறது. பிறப்பு, இடம், காலம், சந்தர்ப்பம் ஆகியவற்றைக் காரணம் காட்டி விலக்கு பெற முடியாதது என்பது பொருள். வியாசரின் உரை அந்த விலக்குகளை எடுத்துக்காட்டோடு விளக்குகிறது. மீனவன் மீனை மட்டும் கொல்வேன் என்பான். இன்னொருவன் தீர்த்தத் தலத்தில் கொல்ல மாட்டேன் என்பான். வேறொருவன் சதுர்த்தசி அன்று மட்டும் கொல்ல மாட்டேன் என்பான். இவையெல்லாம் அரைகுறை விரதங்கள்.

கவிசம்மேளன மேடை நிற்பதே இத்தகைய விலக்குகளின் மீதுதான். அவற்றில் மிகப் பழையது ஹோலி. 'ஹோலிதானே, மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்' என்று தொடங்கினால் அதற்குப் பின் எதையும் சொல்லலாம். காசியின் அஸ்ஸிப் பகுதியில் ஹோலிக்கு நடந்த சம்மேளனம் வசைக்கும் ஆபாசத்துக்கும் பேர்போனது. அதைக்கூட நான் முழுவதும் ஒதுக்க மாட்டேன். அங்கே வசை பெருமளவு மேல்நோக்கிப் பாய்ந்தது. அமைச்சரும் பெரிய மனிதரும் அதில் நனைந்தார்கள். ஆனால் பண்டிகைக்குக் கொடுத்த சலுகை நாளடைவில் ஆண்டு முழுவதற்குமான உரிமமாகிவிட்டது. மேல்நோக்கிய வசை கீழ்நோக்கித் திரும்பியது. மனைவியின் பருமன், மாமியாரின் வாய், பணிப்பெண்ணின் நடை, தென்னிந்தியரின் நிறம் என்று நகைச்சுவைக் கவிகளின் பட்டியல் சுருங்கிப்போனது.

குமார் விஸ்வாஸ் இன்றைய மேடையின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர். கேரளச் செவிலியரின் கருநிறத்தை வைத்து ஒரு சம்மேளனத்தில் அவர் அடித்த பழைய ஜோக் 2014-இல் வெளியே வந்தது. அப்போது அவர் ஆம் ஆத்மி கட்சியின் முன்னணித் தலைவர். கேரளத்தில் எதிர்ப்பு மூண்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டது நல்லது. ஆனால் என்னை உறுத்துவது வேறு. அந்த ஜோக் சொல்லப்பட்ட இரவில் அரங்கம் சிரித்தது. ஆண்டுகள் கழித்து அந்தச் செவிலியர்களின் சொந்த மண் கேட்டபோதுதான் அது காயமாகத் தெரிந்தது. யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவர் எதிரில் இல்லை என்பதுதான் இடத்தை வைத்துப் பெறும் விலக்கு. தீர்த்தத்தில் கொல்ல மாட்டேன் என்பவன் தீர்த்தத்துக்கு வெளியே என்ன செய்வானோ, அதுவே இங்கும் நடந்தது.

வீர ரசக் கவிகளின் விலக்கு வேறு வகை. போரில் மட்டும் கொல்வேன் என்ற க்ஷத்திரியனின் விலக்கையும் வியாசர் சொல்கிறார். மேடை அந்தப் போரை ஒருபோதும் முடிவதில்லை என்று ஆக்கிக்கொண்டது. எல்லையில் துப்பாக்கி ஓய்ந்திருந்தாலும் ஒலிவாங்கியில் குண்டு வெடித்துக்கொண்டேயிருக்கும். உயிர்விட்ட சிப்பாயின் தாயை நினைத்து எழுதிய கவிதைக்கும், பக்கத்து நாட்டை வரைபடத்திலிருந்து அழிப்பேன் என்ற முழக்கத்துக்கும் ஒரே பெயர்தான் அங்கே. முன்னதில் துயரத்தைக் கூட்டாகச் சுமக்கும் கருணை இருக்கிறது. பின்னது அந்தத் துயரத்தை விற்கிறது. வாய்மைக்கு வியாசர் வைக்கும் சோதனை கடுமையானது. சொல் ஏமாற்றக் கூடாது, மயக்கக் கூடாது, பொருளற்றுப் போகக் கூடாது. உயிர்களுக்குத் தீங்காக முடிந்தால் அது வாய்மையே ஆகாது என்கிறார். அந்த முழக்கங்களில் பல இதில் தேறாது.

மிகைப்படுத்துவது நகைச்சுவையின் உயிர், வாய்மையைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஹாஸ்யம் செத்துவிடாதா என்று கேட்கலாம். சாகாது. மிகை யாரையும் ஏமாற்றுவதில்லை. கேட்பவருக்கு அது மிகை என்று தெரியும். காக்கா ஹாத்ரஸி லஞ்சத்தையும் பகட்டையும் மிகையாக்கித்தான் நாட்டைச் சிரிக்க வைத்தார். அதே மனிதர் ஹாத்ரஸில் சங்கீத் காரியாலயத்தை நிறுவி இசை நூல்களைப் பதிப்பித்தார். மேடைச் சிரிப்பும் பொறுமையான உழைப்பும் ஒரே வாழ்வில் இருக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

இப்போது 34-ஆம் சூத்திரத்துக்கு வருகிறேன். என் வாதம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. இயமத்தை மீறும் செயல் மூன்று வகை என்கிறது அது: தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ய ஒப்புதல் தந்தது. மூன்றுக்கும் விளைவு உண்டு. கவிசம்மேளனத்தில் இந்த மூவரும் ஒரே பந்தலின் கீழ் இருக்கிறார்கள். செய்பவர் கவிஞர். செய்விப்பவர் சஞ்சாலக்கும் அமைப்பாளரும். ஒப்புபவர் தரையில் அமர்ந்திருக்கும் நாம்.

மேடையின் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் உற்றுக் கவனித்தால் இது தெளிவாகும். நால்வரிக் கவிதை. முதல் வரியைக் கவிஞர் இரண்டு முறை சொல்வார். இரண்டாம் வரியில் இயைபு பிடிபட்டுவிடும். மூன்றாம் வரியில் நிறுத்தி, 'கடைசி வரிசைவரை கேட்கிறதா? இதற்குத் தாலி வரவில்லையென்றால் என் வாழ்க்கை வீண்' என்கிற மாதிரி எதையாவது சொல்லிக் கைதட்டலை முன்பணமாக வாங்கிக்கொள்வார். தாலி என்றால் அங்கே கைதட்டல். அதன் பிறகுதான் நான்காம் வரி வரும். வரியைக் கேட்பதற்கு முன்பே தட்டியாகிவிட்டது. வந்த வரி இழிவானதாக இருந்தால் கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. ஒப்புதலை முன்கூட்டியே பறித்துக்கொள்ளும் இந்த வழக்கம்தான் அந்த மேடையின் மூலக் குற்றம் என்று நான் நினைக்கிறேன். மற்றவை இதிலிருந்து கிளைக்கின்றன.

செய்விப்பவரின் பங்கு பெண் கவிஞர் விஷயத்தில் அப்பட்டமாகத் தெரியும். எட்டு ஆண்களுக்கு ஒரு பெண் என்பது போன்ற வரிசை. வந்தனத்தை அவரைப் பாடச் சொல்வார்கள். பிறகு அவர் எழுந்து வரும்போது அவருடைய அழகைப் பற்றியும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் மூத்த கவிஞரின் மனநிலையைப் பற்றியும் சஞ்சாலக் இரண்டு பொருள்பட ஏதோ சொல்வார். சபை குலுங்கும். அந்தப் பெண் சிரித்துத்தான் ஆக வேண்டும்; சிரிக்காவிட்டால் அடுத்த அழைப்பு வராது. பிரம்மச்சரியத்தை வெறும் உடலடக்கமாகப் படித்துவிட்டு ஒதுக்கிவிடுகிறோம். வாக்கிலும் பார்வையிலும் காக்கும் மரியாதையாகப் படித்தால் இந்த மேடையின் ஓட்டை அங்கே தெரியும். கலைமகளை வணங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கலைமகளைப் பாடியவளை இப்படி நடத்துவது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று.

கள்ளாமையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. 2017-இல் குமார் விஸ்வாஸ் 'தர்ப்பண்' என்ற பெயரில் முன்னோர் கவிதைகளைப் பாடி யூடியூபில் வெளியிட்டார். ஹரிவன்ஷ்ராய் பச்சனின் ஒரு கவிதையும் அதில் இருந்தது. காப்புரிமை மீறல் என்று அவருடைய மகன் அமிதாப் பச்சன் எதிர்த்தார். விஸ்வாஸ் காணொளியை நீக்கி, அதில் தனக்குக் கிடைத்த 32 ரூபாயை அனுப்புவதாகச் சொன்னார். சட்டம் அமிதாப் பக்கம். ஆயினும் கவிஞரின் பெயரைச் சொல்லி, தர்ப்பணம் என்று பெயரிட்டுப் பாடியதை யோகத்தின் அர்த்தத்தில் களவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையான களவுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஜோக்கை உடைத்து நான்கு வரியாக்குவதும், அறியப்படாத சிற்றூர்க் கவிஞனின் ஈரடியைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்வதும்தான் களவு.

பொருள் பற்றி அந்த மேடையின் சொல் 'லிஃபாஃபா'. நிகழ்ச்சி முடிந்ததும் கவிஞர் கைக்கு வரும் உறை. கவிஞர் பணம் வாங்கக் கூடாது என்று சொல்பவர்களோடு நான் இல்லை. பாடுபவனும் சாப்பிட வேண்டும். 'கீத் ஃபரோஷ்' என்ற கவிதையில் பாட்டைக் கூவி விற்பவனைக் காட்டிய பவானி பிரசாத் மிஸ்ர, வயிற்றுக்காகப் படங்களுக்கு உரையாடல் எழுதியவர். நம் சென்னை ஏவிஎம்மில் வேலை பார்த்தவர். அந்த வலியை உள்ளிருந்து அறிந்தவர். உறை இருப்பதில் தவறில்லை. ஒரு பெயருக்கு மலையளவும் அடுத்த பெயருக்கு வழிச்செலவும் கொடுக்கும் அந்த உறை மூடியே இருப்பதுதான் தவறு.

கவிஞர் மகாதேவி வர்மா தன் பள்ளி நாள்களைப் பற்றி எழுதியதில் ஒரு காட்சி உண்டு. அலகாபாத் கிராஸ்த்வெயிட் விடுதியில் இருந்தபோது கவிசம்மேளனங்களில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை வேலைப்பாடமைந்த வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. அதில் பாயசம் வேண்டும் என்றார் தோழி சுபத்ரா குமாரி. அதற்குள் காந்தி ஆனந்த பவனத்துக்கு வந்தார். சிறுமிகள் நாட்டுக்காகச் சேர்த்த ஓரணா ஈரணாவைக் கொடுக்கப் போனார்கள். மகாதேவி கிண்ணத்தையும் காட்டினார். எனக்குத் தருகிறாயா என்று கேட்டு காந்தி வாங்கிக்கொண்டார். கிண்ணம் போனதில் மகாதேவிக்கு மகிழ்ச்சிதான். கவிதையைச் சொல் என்று அவர் கேட்கவில்லையே என்பதில்தான் துக்கம். பொருளை விடுவதைவிடக் கேட்கப்பட வேண்டும் என்ற ஆசையை விடுவது கடினம் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன மேடைக் கவிஞர் வேறு யாரையும் நான் படித்ததில்லை.

அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் மேடையே இல்லை. புதுக்கவிதையின் பெரிய பெயர்கள் பலரும் மேடையை விட்டு விலகி இதழ்களுக்குள் போனார்கள். விலகியதைத் தூய்மை என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் காலிசெய்த இடத்தில்தான் ஜோக்கும் முழக்கமும் வந்து உட்கார்ந்தன. அந்தத் தூய்மைக்கும் இன்றைய நிலையில் ஒரு பங்கு உண்டு.

திருத்த முடியுமா? கவிஞர்களுக்கு ஒழுக்க உபதேசம் செய்து பயனில்லை. அவர்கள் கூட்டம் கொடுப்பதைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். செய்விப்பவரிடம் தொடங்கலாம். சஞ்சாலக்கின் இடத்தில் பெண்கள் அமரட்டும். எடுத்தாளும் ஒவ்வொரு ஈரடிக்கும் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அமைப்பாளர் அழைப்பிலேயே எழுதட்டும். ஒப்புபவரிடம் ஏற்கெனவே ஓர் ஆயுதம் இருக்கிறது: ஹூட்டிங், அதாவது கூச்சலிட்டு மேடையிலிருந்து இறக்குவது. இன்று அது குரல் வளம் இல்லாதவர் மீதும், நீளமான கனத்த கவிதை மீதும்தான் பாய்கிறது. செவிலியரின் நிறத்தைப் பழித்த இரவில் அந்தக் கூச்சல் முன்வரிசையிலிருந்து எழுந்திருந்தால், கேரளம் ஆண்டுகள் கழித்துக் கோபப்பட வேண்டிய தேவை வந்திருக்காது.