குளவி வந்தது, கரணையை யார் பார்ப்பது?

மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க ஒட்டுண்ணிக் குளவியை விட்டது, தமிழக வேளாண்மையில் அண்மையில் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. ஆனால் பென்னாகரம் போன்ற மானாவாரி வட்டாரத்தில் குளவி மட்டும் போதாது.

நம் கொல்லைகளில் இரண்டு மாவுப்பூச்சிகள் உண்டு. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சிக்கு மஞ்சள் உடல். மல்பெரி, மரவள்ளி எதையும் விடாது. 2020-இல் திருச்சூரில் கண்டறியப்பட்டு இங்கே பரவியது மரவள்ளி மாவுப்பூச்சி. வெண்மாவைத் துடைத்தால் இளஞ்சிவப்பு உடல் தெரியும். குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, நுனி முடிச்சுப் போட்டதுபோல் நிற்கும். ஆண் இல்லாமலே பெருகுவதால் ஒரு பூச்சி வந்தாலே போதும். பப்பாளிப் பூச்சியை அடக்கிய குளவி இதைத் தொடாது.

அதனால் பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதை வெளியே விட்டார்கள். 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்தது இதே குளவிதான். அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பூச்சியின் மெழுகுப் படலமும் சுருண்ட இலையும் பூச்சிமருந்தைத் தடுத்துவிடும். குளவியோ பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகிறது.

பக்கத்துக் கொல்லையில் மருந்தடித்தால் போச்சு. குளவி செத்துவிடும், மெழுகுக்குள் இருக்கும் பூச்சி பிழைத்துக்கொள்ளும். குளவி புகுந்த பூச்சி பழுப்பேறி, கெட்டித் தோலாகக் குருத்திலேயே ஒட்டியிருக்கும். அடுத்த குளவி வளர்வது அதற்குள்தான். நுனியை ஒடித்து எரிக்கும் பழைய வழக்கத்தை அப்போதும் விடாவிட்டால் அந்தக் குளவியும் சாம்பல்தான். குளவி கொடுக்கும்போதே இந்தப் பழுப்புத் தோலை விவசாயியின் கையில் வைத்துக் காட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது விதைக்கரணை, அதாவது நடுவதற்கு வெட்டும் குச்சித் துண்டு. அறுவடை முடிந்ததும் குச்சிக் கட்டுகள் ஊர்விட்டு ஊர் போகின்றன. கணுவிடுக்கில் ஒட்டிக்கொண்டு பூச்சியும் போகிறது. மழை அடித்துக் கழுவாத கோடையில்தான் அது வேகமெடுக்கும். குளவி பெருகி அதை எட்டிப்பிடிக்கச் சில தலைமுறைகள் ஆகும். இளஞ்செடிக்கு அதுவரை தாங்கும் தெம்பில்லை.

கரணையை மருந்துக் கரைசலில் நனைத்து நடும் முறை ஏற்கெனவே பரிந்துரையில் இருக்கிறது. கொல்லை முழுக்க அடிக்கும் மருந்து போல அது குளவியைத் தாக்காது. குளவி விநியோகத்தோடு கரணை நனைப்பையும் ஒரே வேலையாக்கி, பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்களைச் சேர்த்து அழைத்து, நடவுக்கு முன்பே தொடங்க வேண்டும்.